பெயர் தெரியாத பெண் 31

பதினொரு மணி டீ டம்ளரில் பாதி அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்துவிட்டது, திருமூர்த்தி அதைத் தொடவில்லை. ஒரு மணிக்குள் பட்டியலைப் பார்த்து முடித்து ஒப்புதல் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் மில்லுக்காரர் வீட்டுப் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் இணையத்தில் ஏறிவிடும், அப்புறம் அமெரிக்காவில் இருக்கிறவனும் பார்க்கலாம், அன்னூரில் இருக்கிறவனும் பார்க்கலாம். அழுத்த வேண்டியவர் அவர்தான். இந்த ஆவணக் காப்பகத்துக்கு விவர அட்டை எழுதும் ஆளாக வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது, இப்போது கதவில் மூத்த பட்டியலாளர் என்று பலகை தொங்குகிறது, தலைக்கு மேலே ஏசி ஓடுகிறது, கழுத்து வேர்க்கிறது. திரையில் ஒரு படத்துக்கு ஒரு வரிசை, ஒரு வரிசைக்கு இருபத்திரண்டு கட்டம். தலைப்பு, எடுத்தவர், ஆண்டு, இடம், இடமிருந்து வலமாக யார் யார், அதைச் சொன்னது யார். இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். படத்தைப் பற்றிய விவரம் என்று சொன்னால் நிதி கொடுக்கிறவர்கள் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. இருநூற்று ஏழாம் வரிசைக்கு வந்தார். வந்தார் என்பதே பொய், காலையிலிருந்து அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார், மேலே போனாலும் கீழே போனாலும் கண் அங்கேதான் திரும்புகிறது. பங்களா போர்டிகோ, 1976. நாற்காலியில் மில் முதலாளி, பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் மகள் சுலோச்சனாவும் மருமகனும், காலடியில் நாய் ஜிம்மி, வலது ஓரத்தில் பெயர் தெரியாத பெண் 31, அவள் கையில் குழந்தை மோகன்ராஜ். நாய்க்குப் பெயர் இருக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கும் முழுப் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் மயிலாத்தாள், திருமூர்த்தியைப் பெற்றவள். பெயர் தெரியாத பெண் என்று அட்டையில் எழுதியதும் திருமூர்த்திதான்.

அட்டையின் நகலும் பக்கத்திலேயே திரையில் தெரிகிறது, அதையும் ஸ்கேன் செய்துவிட்டார்கள், இந்தக் காலத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. நீல மை, குண்டுகுண்டான எழுத்து, கீழே தி.மூ. என்று கையெழுத்து, தேதி 1998 செப்டம்பர். அழகான கையெழுத்து என்று அன்றைக்கு இயக்குநர் எல்லாரிடமும் காட்டினார். அந்த அழகான கையெழுத்தில்தான் எழுதினார். எழுதும்போது கை நடுங்கியதா? நடுங்கியது என்று நினைத்துக்கொள்ள ஆசை, ஆனால் அட்டையைப் பார்த்தால் தெரிகிறதே, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. படம் பெட்டியிலிருந்து வெளியே வந்த அன்று எதிர் மேஜையில் இருந்த கிளார்க் எட்டிப் பார்த்து, அந்தூட்டு வேலக்காரியாட்ட இருக்குது, பேரு யாருக்குத் தெரியப்போகுது, அடுத்தத எடுப்பா என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. இருபத்தெட்டு வயது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், அப்பா மில்லில் மேஸ்திரியாக இருந்து செத்துப்போனார் என்று ஆபீசில் சொல்லி வைத்திருந்தார். செத்துப்போனது நிஜம், மேஸ்திரி என்பதுதான் இல்லை. அதே மாதம் பெண் பார்க்கப் போயிருந்தார், பெண்ணின் அப்பா ஹெட்மாஸ்டர், மாப்பிள்ளையின் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு வீட்டில்தான் இருக்காங்க என்று பதில். யார் வீட்டில் என்று ஹெட்மாஸ்டர் கேட்கவில்லை, நல்ல மனிதர். இங்கே மயிலாத்தாள் என்று எழுதினால் அடுத்த கட்டம் ஆதாரம், பெயரைச் சொன்னது யார் என்று அதில் எழுத வேண்டும். ஆதாரம் இல்லாத பெயரை அட்டையில் ஏற்றக் கூடாது என்பது அன்றைக்கும் விதி, இன்றைக்கும் விதி. ஆதாரம், மகன். அந்தக் கட்டத்தின் அகலம் இரண்டு அங்குலம்கூட இருக்காது, அதைத் தாண்ட முடியவில்லை. அதற்கு முன்னால் முப்பது பெண்கள் பெயர் தெரியாமல் இருந்தார்கள், முப்பத்தொன்றாவதாக அம்மாவையும் கொண்டுபோய் நிறுத்தினார்.

அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஆபீசைப் பற்றியெல்லாம் அவள் கேட்பவளே இல்லை. கல்யாணம் முடிந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, பூண்டு உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அந்தூட்டுப் படமெல்லாம் உன்ற ஆபீசுக்கு வந்திருக்குதாமா சாமி?" என்றாள். வந்திருக்குது என்றார். "மோகன் தம்பியத் தூக்கிட்டு நான் நின்ன படம் ஒண்ணு இருந்துச்சு. அன்னிக்குப் பெரியம்மா எனக்குன்னு ஒரு புதுச் சீல குடுத்துக் கட்டிட்டு வரச் சொன்னாங்க. அதுல நான் எப்புடி இருக்கறேன்னு பாத்ததே இல்ல." பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர்கள் படத்தைக் கழுவி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டார்கள், அதில் நின்றவளுக்குக் காட்டவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அப்படி ஒரு படம் வரலம்மா என்றார். சொன்னது அவர் வாய்தான். ஒரு பிரதி எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம், ஜெராக்ஸ் மிஷின் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே இருந்தது. ஆனால் பிரதி எடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும், எந்தப் படம், எதற்காக. எழுதாமல் எடுத்தால் யார் கேட்டிருப்பார்கள்? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பயந்தவனுக்குப் பதிவேடு ஒரு சாக்கு. அம்மா சரி என்று பூண்டை உரித்தாள், அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 2009-இல் அவள் போனபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும் என்று மச்சான் நின்றான். ஓட்டு அடையாள அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கினார்கள். அதில் ஒரு கறுப்பு முகமும் வெளுத்த நெற்றியும் தவிர ஒன்றுமில்லை, யாரோ ஒருத்தி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் அந்த யாரோ ஒருத்தி பதினாறு நாள் ஒட்டியிருந்தாள். அந்த நேரத்தில் நல்ல படம் எங்கே இருக்கிறது, எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது உறை என்பதெல்லாம் மகனுக்கு மனப்பாடம், எண்ணெல்லாம் போட்டது அவர்தானே.

"சார், முப்பத்தொண்ணு கெடச்சிருச்சுங்க சார்."

தஸ்லீமா நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் மேஜைக்கே வந்துவிட்டாள். இந்தத் திட்டத்துக்காக ஒரு வருடத்துக்கு எடுத்திருக்கும் பெண், இருபத்தேழு வயது, மெட்டாடேட்டா உதவியாளர். பெயர் இல்லாத வரிசைகளைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. மில் முதலாளியின் மகள் சுலோச்சனா அம்மாளுக்கு இப்போது எழுபத்தாறு வயது, படங்களைக் காப்பகத்துக்குக் கொடுத்த குடும்பத்தில் மிச்சமிருக்கும் பெரியவர். ஒரு வாரமாகத் துரத்தித் துரத்தி இன்றைக்குத்தான் வாட்ஸாப்பில் படத்தை அனுப்பி அவரைப் பிடித்திருக்கிறாள். போன் இன்னும் அவள் கையில், ஸ்பீக்கரில். "அருக்காணிதான் கண்ணு அது," என்றது போனில் குரல், வயதானாலும் தெளிவான குரல், முடிவாகச் சொல்லிப் பழகிய குரல். "எங்கூட்ல பதினஞ்சு வருசம் இருந்தா. என்ற பையன அவதான் தூக்கி வளத்துனா. நல்லாப் போட்டுக்க, அருக்காணி." தஸ்லீமா நன்றிங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தபடி அவர் விசைப்பலகையிலேயே தட்டினாள். பெயர், அருக்காணி. ஆதாரம், கொடையளித்த குடும்பம். கட்டம் பச்சையாக மாறியது. விதிப்படி கொடுத்தவர்கள் சொன்னால் அதுதான் முதல் ஆதாரம், அதற்குமேல் கேள்வி கிடையாது. "ஒரு ஆளாச்சும் கெடச்சாங்களே சார்," என்றாள், நிஜமான சந்தோஷத்தோடு. திருமூர்த்தி தலையை ஆட்டினார்.

முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம், ஆனால் வந்தது. முடிந்தது, இனி யாரும் கேட்க மாட்டார்கள், அந்தப் பெண் அருக்காணி, அருக்காணிக்கும் மூத்த பட்டியலாளருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆடை படிந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார், ஆறிப்போன டீ நாக்கில் பிசுபிசுத்தது. அருக்காணியை அவருக்குத் தெரியும். உயரமான பெண், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள், மோகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகு வந்தவள், அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு வேலையை விட்டபிறகு வந்தவள். அவள் பேரில் என்ன தப்பு? அவளும் அந்த வீட்டில் தேய்ந்தவள்தான், அவளுக்கும் ஒரு படம் கிடைத்தால் கிடைத்துவிட்டுப் போகட்டும். போகட்டுமா? எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற அந்தக் கை அம்மாவின் கை. கட்டைவிரலில் அரிவாள்மணை பட்ட தழும்பு இருக்கும், படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். பெரிதாக்கினார். தெரியவில்லை, புள்ளிபுள்ளியாகத்தான் உடைகிறது. ஒருவேளை தழும்பு அப்புறம்தான் வந்ததோ? ஒருவேளை இது அம்மாவே இல்லையோ? இருபத்தாறு வருடம் ஒரு முகத்தைப் பெயர் தெரியாதது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கடைசியில் அது நிஜமாகவே பெயர் தெரியாத முகமாக ஆகிவிடுமோ? பெயர் இல்லாமல் இருந்தவரை அந்த இடம் காலியாக இருந்தது, காலியாக இருக்கிற இடத்தில் என்றைக்காவது ஒரு நாள், ரிட்டயர் ஆகும்போதோ செத்தபிறகோ, அம்மா வந்து உட்காரலாம் என்று உள்ளுக்குள் ஒரு கள்ளக் கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போதுதான் அது தெரிகிறது. இப்போது அந்த இடத்தில் வேறு ஒருத்தியை உட்கார வைத்தாயிற்று, ஒப்புதல் அழுத்தினால் பூட்டிவிடுவார்கள். மணி பன்னிரண்டேகால்.

"தஸ்லீமா, அந்தம்மாகிட்ட இன்னொரு தடவ கேளும்மா. படம் எழுபத்தாறுல எடுத்தது, பின்னால ஸ்டுடியோ முத்திரை இருக்குது. மோகன் தவழற குழந்தையா இருந்தப்ப அருக்காணி வேலைக்கு வந்துட்டாளான்னு கேளு."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கொடுத்தவர்கள் சொன்னதை இவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டவர் இல்லை. ஆனாலும் போட்டாள், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். சுலோச்சனா அம்மாள் கேள்வியைக் கேட்டார், அவருக்குப் பின்னால் எங்கோ மிக்சி ஓடும் சத்தம் வந்தது. "அட, ஆமாங்கண்ணு. அருக்காணி அப்புறம் வந்தவ. அப்ப இருந்தவ வேறொருத்தி. குள்ளமா, கறுப்பா, வாயே தொறக்க மாட்டா. என்ற மாமியாரூட்டுக்குப் போறப்பகூட அவளத்தான் கூட்டிட்டுப் போவேன். பேரு நெனப்புக்கு வரமாட்டீங்குதே." மறுபடி மிக்சி. "அவளுக்கு ஒரு பையன் இருந்தான். பொழுதன்னிக்கும் எங்கூட்டு கேட்டப் புடிச்சுட்டே நிப்பான், உள்ள வராதடான்னு வாட்ச்மேன் முடுக்குவாரு, முடுக்கினாலும் போகமாட்டான். படம் எடுக்கறப்பக்கூட வெளிய நின்னுட்டு அம்மா அம்மான்னு ஒரே கத்து. அவ அங்கயே திரும்பிப் பாத்துட்டா. எங்கய்யன் சத்தம் போட்டாரு, ஒரு ஃபிலிம் வேஸ்ட்டுன்னு. அந்தப் பையனக் கேட்டாத் தெரியும். எங்க இருக்கறானோ, என்ன ஆனானோ, தெரியல போ."

படத்தில் எல்லாரும் காமிராவைப் பார்க்கிறார்கள், நாய்கூடப் பார்க்கிறது. அவள் மட்டும் வலது பக்கம் பார்க்கிறாள். பெண்ணின் பார்வை வேறு பக்கம் என்று குறிப்பில் எழுதியிருந்தார், கடமை தவறாத பட்டியலாளர். வேறு பக்கத்தில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும், கம்பி சுட்டது, சித்திரை வெயில், உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது, ஆறு வயதுத் திருமூர்த்திக்குப் பசி. அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள், இவன் பார்த்தே இராத சேலை, வேறு யாருடைய அம்மாவோ போலிருந்தாள், அந்தப் பயத்தில்தான் கத்தினான். அவள் திரும்பினாள். முதலாளி முன்னால், காமிரா முன்னால், அத்தனை பேர் முன்னால் திரும்பினாள், திட்டு வாங்கினாள். அந்த மகன் வளர்ந்து, சம்பளம் வாங்கி, ஒரு கிளார்க்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பெற்றவள்தானே, மன்னித்துவிடுவாள் என்று. நிற்கவில்லை. அதே 98-இல் முதலாளியின் மனைவி, அம்மா சொன்ன அந்தப் பெரியம்மா, உயிரோடிருந்தார், எழுபத்து நாலு வயது, கற்பூர புத்தி. ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினார், எங்கூட்ல வேல செஞ்சவளுக பேரெல்லாம் எனக்குத் தலகீழாத் தெரியும், படத்தையெல்லாம் கொண்டாங்க, ஒருநாள் ஒக்காந்து சொல்லீர்றேன் என்று. இயக்குநர் அந்த வேலையைத் திருமூர்த்தியிடம்தான் கொடுத்தார். கொண்டுபோனால் முப்பத்தொன்றைப் பார்த்தவுடனே பெரியம்மா மயிலாத்தாள் என்பார், அப்புறம் இவர் முகத்தைப் பார்ப்பார், கேட்டுப் பக்கம் நின்ன பையனல்லோ நீ என்பார். அதனால் குடும்பத்துப் படங்களை மட்டும் பொறுக்கிப் பியூன் கையில் கொடுத்தனுப்பினார். வேலைக்காரப் பெண்கள் இருந்த உறைகள் முழுவதையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பெரியம்மாவுக்கு மற்றவர்களை ஞாபகம் இல்லையாம் என்று இயக்குநரிடம் சொன்னார். பியூனுக்கு ஒன்றும் தெரியாது, இயக்குநருக்கு நேரமில்லை, பெரியம்மா அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

"அப்ப பழையபடி பெயர் தெரியாத பெண்ணுன்னே விட்டுறட்டுங்களா சார்?" தஸ்லீமா அருக்காணியை அழித்துக்கொண்டிருந்தாள். பச்சை போய்க் கட்டம் மறுபடி வெள்ளையானது.

"மயிலாத்தாள்னு போடும்மா."

"யாருங்க சார்?"

"அவங்க பேரு மயிலாத்தாள்."

விரல் விசைப்பலகைமேல் நின்றது. "ஆதாரம் கேக்குங்களே சார். யார் சொன்னதுன்னு போடட்டும்?"

"மகன்."

"அந்தப் பையனுங்களா? உங்களுக்குத் தெரியுங்களா சார் அவர? நம்பர் இருந்தாக் குடுங்க, ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"நான்தாம்மா."

சொல்லிவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. அடுத்த மேஜையில் ஸ்கேன் செய்கிறவன் ஸ்கேன் செய்துகொண்டே இருந்தான். இவ்வளவுதானா, இந்த இரண்டு வார்த்தைக்குத்தானா? அவமானமாக இருந்தது, ஆனால் எதற்குப் பயந்து கிடந்தாரோ அந்த அவமானம் அல்ல. தஸ்லீமா அவரைப் பார்த்தாள், திரையில் இருந்த அட்டையைப் பார்த்தாள், கீழே தி.மூ. என்ற எழுத்தைப் பார்த்தாள். தட்டினாள். பெயர் ஏறியது, ஆதாரம் ஏறியது. உடனே கீழே இன்னொரு கட்டம் சிவப்பாகத் திறந்தது. பழைய அட்டையில் இருக்கிறதை மாற்றினால் மாற்றக் காரணத்தை எழுதியாக வேண்டும், எழுதாமல் விடாது. அவள் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். தகவல் பின்னர் கிடைத்தது என்று தட்டினார். எல்லாரும் எழுதுகிற வாசகம், நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அட்டை எழுதியவருக்குப் பெயர் தெரியும், தன் தாய் என்று சொல்ல வெட்கப்பட்டு எழுதவில்லை என்று தட்டினார். புள்ளி வைத்தார்.

"சார், இது வெளிய தெரியற கட்டமுங்க. யாரு வேணாப் படிக்கலாம்."

"தெரியும்மா."

அவள் அந்த வரிசையைச் சேமித்தாள். பிறகு ஏதோ தோன்றியவளாக முகம் மலர்ந்து அவசரமாக அடுத்த படத்தைத் திறந்தாள். கிணற்றடியில் பித்தளைக் குடம் விளக்கும் ஒரு பெண், யாரோ எதையோ சொல்ல அதற்குச் சிரிக்கிறாள். "அப்ப உங்களுக்கு இவங்களையும் தெரிஞ்சிருக்கும் இல்லீங்களா சார்? நீங்க அங்கதான இருந்திருக்கீங்க. முப்பத்திரண்டு, இவங்க யாருங்க சார்?"

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எங்கோ பார்த்த முகம். கேட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு எத்தனை பேர் பெயர் தெரியும்? "தெரியலம்மா," என்றார். அவள் முப்பத்துமூன்றைத் திறந்தாள். அதுவும் தெரியவில்லை. முப்பத்துநான்கும் முப்பத்தைந்தும் ஒரே படத்தில், ஒருத்தி வாயில் முந்தானையை வைத்து மறைத்திருந்தாள். அவள் விடவில்லை, ஐம்பத்தெட்டு வரைக்கும் போய், திரும்ப ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும் வந்தாள், ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அவர் நிஜத்தைத்தான் சொன்னார். ஐம்பத்தேழு பேர். அத்தனை பெயரும் ஒரு கிழவியின் வாயில் தயாராக இருந்தன, ஒரு நாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி ஆனது. ஒப்புதலை அழுத்தினார்.